பூசைப் புத்தகத்தில் ஒரு ஐஸ் ஹொக்கிக்காரன்

இண்டைக்கு லண்டன் இல்ஃபோர்டில, எங்கட பங்குக் கோயில் அலுவலகத்தில பூசைக் கருத்துகள், ஆருக்காக என்னத்துக்காகப் பூசை எண்டு, பதிஞ்சு கொண்டிருந்தன். புத்தகத்தில இடப்பக்கம் நன்றிப் பூசை, வலப்பக்கம் இறந்தவைக்கு.

மன்னார் அக்கா ஒராள் மகனோட வந்தா. மகன் சம்பளத்துக்கு ஐஸ் ஹொக்கி விளையாடினவன், டிஃபென்ஸ். கோலுக்குப் போற அடியை உடம்பால மறிக்கிறதுதான் வேலை. மூண்டாந்தரமும் தலையில அடிபட, இனி விளையாட ஏலாது எண்டிட்டாராம் டொக்டர்.

வயது இருபத்திமூண்டு.

"நன்றிப் பூசை எண்டு எழுதுங்கோ. பிள்ளை முழுசா வீட்ட வந்திட்டான்," எண்டா அக்கா.

அவன் மெதுவாச் சொன்னான்: "அன்ரி, மற்றப் பக்கத்தில எழுதுங்கோ."

அக்கா அவன்ர கையைப் பிடிச்சா.

அவன்ர பேர் இன்னும் நான் குறிச்ச கடதாசித் துண்டிலதான் கிடக்கு, புத்தகத்தில ஏறேல்லை. நீங்கள் எண்டால் எந்தப் பக்கத்தில எழுதுவியள்?