ரேடியோ வாங்கிய விருது

“கத்தரி நின்னாலும் நிக்கும், என் வாய் நிக்காது. என் வாயை மூட வைக்கிற ஆள் இன்னும் பொறக்கல. பொறந்தாலும் முடி வெட்ட என்கிட்டதான் வரணும்!”

இந்தப் பிரகடனம் வெளியானபோது உடனிருந்த சாட்சி ஒருவரே. அவர் முகத்தில் பாதி சோப்பு நுரை, தொண்டைக்குழியில் சவரக்கத்தி. அந்த நிலையில் மனிதர்கள் பொதுவாக எதிர்வாதம் செய்வதில்லை. ஆகவே பிரகடனம் ஏகமனதாக நிறைவேறியது என்றே கொள்ள வேண்டும்.

பிரகடனம் செய்தவருக்குத் தெரு சூட்டிய பெயர் ரேடியோ. சலூன் வைத்திருந்தார். கடையின் பின்கதவைத் திறந்தால் அவர் வீட்டுச் சமையலறை. அந்தக் கதவு வழியாக மனைவி வெளுத்த துண்டுகளைக் கொண்டுவருவார், அழுக்குத் துண்டுகளை அள்ளிப்போவார். கணவரின் ஒலிபரப்பைப் பற்றி அந்த அம்மாளின் கருத்து சுருக்கமானது: “இந்த ரேடியோவுல அணைக்கிற குமிழ் மட்டும் வைக்காம விட்டுட்டாங்க. இனிமே திருப்பியும் குடுக்க முடியாது.”

முன்நெற்றியில் கத்தரி வைக்கும்போது மழையைப் பற்றித் தொடங்குவார். உச்சிக்கு வருவதற்குள் அரசாங்கம் கவிழ்ந்திருக்கும். பிடரியை எட்டும்போது எதிர்வீட்டு மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர்கள் தலை இளைத்து, காது பருத்து வீடு திரும்புவார்கள்.

இப்படிப்பட்டவருக்குக் குழந்தைகள் நலனுக்குப் பாடுபட்டவர் என்ற விருது வந்து சேர்ந்தது. எப்படி என்று சொல்லாவிட்டால் வரலாறு நம்மை மன்னிக்காது.

ஒரு நாள் காலை, பள்ளியில் சேரும் வயதுச் சிறுமி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா கடைக்கு வந்தார். கசங்காத சட்டை, பளபளக்கும் செருப்பு, பணிவான பேச்சு. நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே குழந்தைகளுக்கான பலகையைப் போட்டு, ரேடியோ அவளைத் தூக்கி உட்கார வைத்தார்.

“முன்னாடி மட்டும் வெட்டிவிடுங்க. வலது காதுக்கு மேல சீப்பே வைக்க வேணாம்” என்றார் அப்பா.

எங்கே வெட்டு என்று சொல்கிறவர்கள் உண்டு. எப்படி வெட்டு என்று நடிகர் படத்தைக் கொண்டுவந்து, தங்கள் முகத்தை மறந்துவிட்டுக் காட்டுகிறவர்களும் உண்டு. எங்கே பார்க்காதே என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்ததும், ரேடியோ சீப்பின் நுனியால் அந்த முடியை மெல்லத் தூக்கினார். தோலில் சூடு வைத்த தடம் இருந்தது. பழையது ஒன்று, அதன்மேலேயே புதியது ஒன்று. சிறுமி அழவில்லை. செய்தித்தாள் கீழே இறங்குகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டெடுக்க வந்த மனைவியும் அதைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருவர் கண்களும் சந்தித்துக்கொண்டன. அந்த அம்மாள் கையிலிருந்த துண்டுகளை அப்படியே வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் பின்கதவு வழியே போனார்.

ரேடியோ முடியைக் கீழே விட்டார். பிறகு பேசத் தொடங்கினார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு முன்நெத்தியில முடி கொட்ட ஆரம்பிச்சிருக்கு.”

செய்தித்தாள் இறங்கியது. “அப்படியா?”

“இப்பதான் சார், ஆரம்பம். இப்ப விட்டா அப்புறம் நெத்தி எது, தலை எதுன்னு தேடணும். உங்க அப்பாவுக்கு எப்படி? அம்மா வழியில மாமாங்களுக்கு?”

மனிதனுக்குத் தன் முடியைவிடச் சுவையான விஷயம் உலகில் இல்லை. தந்தை வழி வழுக்கை, தாய் வழி நரை, எண்ணெய், தண்ணீர், கவலை என்று பேச்சு நீண்டது. சிறுமியின் தலையில் வெட்ட வேண்டியது எப்போதோ முடிந்துவிட்டது. கத்தரி மட்டும் சத்தம் குறையாமல் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. பெண் போலீஸ் இருவர் வாசலில் வந்து நின்றபோது அப்பா, தூங்கும்போது தலையணை உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்துடன் முடியவில்லை. “குடும்ப விஷயம்யா. பெத்தவன் கண்டிக்கிறதுல நாம எப்படித் தலையிடுறது?” என்றது காவல் நிலையம். ரேடியோ பேசினார். அடுத்த அலுவலகம், அது எங்கள் பொறுப்பில்லை என்றது. அங்கும் பேசினார். கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பேசினார். வராந்தாவில் நின்றும் படிக்கட்டில் வழிமறித்தும் பேசினார். கடைசியில் ஓர் அதிகாரி, “அம்மா இல்லாத பிள்ளை, அம்மாவோட தங்கச்சிகிட்டயே ஒப்படைக்கச் சொல்லிடறேன். ஐயா, நீங்க கிளம்புங்க, எனக்குத் தலை வலிக்குது” என்றார். தலைவலி நீதிக்கு உதவிய அபூர்வத் தருணங்களில் இதுவும் ஒன்று.

பிறகு முடிதிருத்துவோர் சங்கக் கூட்டத்தில் எழுந்தார். “எந்தப் பிள்ளை வந்தாலும் காதுக்கு மேல, பிடரிக்குக் கீழ, தூக்கிப் பாருங்கப்பா. தலைக்குள்ள என்ன இருக்குன்னு டாக்டர் பார்க்கட்டும். தலைமேல என்ன இருக்குன்னு நாமதான் முதல்ல பார்க்கறோம்.” தலைவர் மணியடித்தும் உட்காரவில்லை. ஊர்க் கடைகளில் அது பழக்கமாயிற்று. வேறு பிள்ளைகளும் காப்பாற்றப்பட்டார்கள்.

ஆண்டுகள் கழித்து, குழந்தை நல விருதுக் குழுவின் செயலாளர் கடைக்கு வந்தார். முந்தைய ஆண்டு விருது, பள்ளி ஒன்றின் சுவருக்கு வண்ணம் அடித்து அதைவிடப் பெரிதாகத் தன் படத்தையும் வரைந்துகொண்ட ஒரு பெரிய மனிதருக்குப் போயிருந்தது. இம்முறை உண்மையாகவே ஏதாவது செய்தவருக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று குழு துணிந்திருந்தது.

“போன தடவை பேசினவர் புள்ளிவிவரமா வாசிச்சார். முன்வரிசையே தூங்கிடுச்சு” என்றார் செயலாளர். “நீங்க அந்த முதல் பொண்ணு கதையைச் சொல்லுங்க. பேர் மட்டும் வேணாம், சட்டச் சிக்கல். மத்தபடி காது, தழும்பு, எல்லாம் விவரமா வரணும். சபையில ஒரு கண்ணு காயக் கூடாது.”

“கண்ணு என்ன சார், கைக்குட்டையே பத்தாது” என்றார் ரேடியோ.

அன்றிலிருந்து ஒத்திகை. வந்த தலைகளெல்லாம் உரையைக் கேட்டன. ‘அந்தச் சின்ன வலது காதுக்கு மேல்…’ என்ற இடத்தில் குரலை இறக்கி, கத்தரியை அந்தரத்தில் நிறுத்துவார். கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். மேடையிலிருந்து தன்னை இறக்கிவிட யாராலும் முடியாது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார்.

விழாவுக்கு முந்தின நாளும் ஒருவர் தலையில் அந்த இடத்துக்கு வந்து கத்தரியை நிறுத்தி, நிமிர்ந்தார். பெஞ்சில், இப்போது வளர்ந்துவிட்ட அந்த முதல் பெண்ணும் அவள் சித்தியும் உட்கார்ந்திருந்தார்கள். எப்போது வந்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

வாடிக்கையாளர் போனதும் பழக்கத்தில் அவர் கை பலகையைத் தேடியது. அவளோ நேராக நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையைத் தொட்டது. வலது காதுக்கு மேல் ஒரு கீற்றில் முடி முளைக்கவே இல்லை. அதை மறைப்பதற்காகவே அவர் இடப்பக்கம் வகிடெடுத்து, மேல்முடியை நீளமாக விட்டு, காற்றடித்தாலும் விலகாதபடி அடுக்கடுக்காக வெட்டிவந்தார். அந்த வெட்டு அவருக்கு மட்டுமே கைவந்தது.

“புது ஸ்கூல்ல சேர்த்திருக்கு அண்ணே. ஃபிரண்ட்ஸெல்லாம் கெடைச்சிருக்காங்க” என்றார் சித்தி. “வீட்டுல இப்ப வாயே மூடறதில்ல. உங்களை மாதிரிதான்.”

ரேடியோ சிரிக்கப் பார்த்தார்.

“மாமா” என்றாள் அவள், கண்ணாடியைப் பார்த்தபடி. “நாளைக்கு அதைத்தான் பேசப் போறீங்களா?”

“பேரெல்லாம் சொல்ல மாட்டேன் கண்ணு. யாருக்கும் தெரியாது.”

“எங்க ஸ்கூல்ல இருந்து எல்லாரையும் கூட்டிட்டு வராங்க, கைதட்டறதுக்கு. எங்க கிளாஸும் வருது.” அவள் கை தானாக வலது காதுப்பக்கம் போய், முடியைத் தடவிச் சரிசெய்துகொண்டது. “எல்லாரும் என்னை ‘ஏன்டி எப்பவும் இந்தப் பக்கமே தொட்டுக்கறே’ன்னு கேப்பாங்க. நாளைக்கு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.”

சித்தி, “ஏய், மாமாவுக்கு விருது குடுக்கறாங்க, இப்ப போயி…” என்று அதட்டினார்.

“பேச வேணாம்னு சொல்லல சித்தி. நான் நாளைக்கு லீவு போட்டுக்கட்டுமான்னுதான் கேக்க வந்தேன்.”

ரேடியோ கத்தரியை எடுத்தார். முடியை வெட்டினார். வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு அடுக்கையும் சீப்பால் இறக்கிப் பார்த்துப் பார்த்து வெட்டினார். பின்கதவில் துண்டுகளோடு நின்ற மனைவி, ஒலிபரப்பில் ஏதோ பழுதாகிவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

போர்த்திய துணியை உதறி எடுக்கும்போதுதான் சொன்னார்: “லீவெல்லாம் போடாத. எல்லார் கூடயும் வா.”

மறுநாள் மண்டபத்தில் விருந்தினர்களுக்கு மெத்தை நாற்காலி, குழந்தைகளுக்கு முதுகில்லாத பெஞ்சு. குழந்தைகள் நலனைப் பற்றி ஒவ்வொருவராகப் பேசி முடிப்பதற்குள் குழந்தைகள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் கேட்ட ஒருவனை ஆசிரியர் கண்ணாலேயே உட்கார வைத்தார்.

ரேடியோவுக்குக் கேடயம் கொடுக்கப்பட்டது. மைக் அவர் உயரத்துக்கு இறக்கப்பட்டது. முன்வரிசையில் கைக்குட்டைகள் தயாராயின. மனைவி, நீண்ட பயணத்துக்கு உட்காருகிறவர் போலப் புடவையைச் சரிசெய்துகொண்டு சாய்ந்தார்.

அவர் பெஞ்சு வரிசைகளைப் பார்த்தார். நடுவில் அவள் இருந்தாள். ஒரு கை காதுப்பக்கம். அந்தப் பக்கத்துத் தோழி அவள் தோளில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் நல்லா இருக்கணும்” என்றார் ரேடியோ. “நன்றி.”

செயலாளர் பக்கவாட்டில் வந்து, “கதை சார், கதை!” என்று கிசுகிசுத்தார். மைக் அதையும் சபைக்குச் சொன்னது. தலைமை விருந்தினர் பெருந்தன்மையாகக் குனிந்து கேட்டார்: “அந்த முதல் குழந்தையைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்.”

தெருவில் யார் தலையில் எங்கே சுழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர் அவர்.

“ஞாபகம் இல்லைங்க” என்றார்.

“ஏதோ காதுக்கு மேலன்னு…”

ரேடியோ வாயைத் திறக்கவில்லை. செயலாளர் மைக்கை இன்னும் கிட்டே நகர்த்தினார். முன்வரிசை காத்திருந்தது. மனைவி சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்து, தண்ணீர் பாட்டிலை எடுப்பதற்குக் கையை நீட்டி, கணவர் முகத்தைப் பார்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சி சீக்கிரம் முடியப்போகிறது என்று புரிந்துகொண்ட பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள். அன்று மண்டபத்தில் கேட்டதிலேயே உளமார்ந்த கைதட்டல் அதுதான். நடு வரிசையில் ஒரு பெண்ணும் தட்டினாள். அதற்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன.

ரேடியோ கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உதடுகளை இறுக்கி மூடியபடி, படியிறங்கி வந்தார்.