பயந்திருந்த வீட்டுக்கு வந்த கேரல்

சென்ற டிசம்பர் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் ஒன்பது வயது மகள் ஜெனிபருக்கு மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். அன்று மாலையே நினைவிழந்தாள். ஐசியு வாசலை விட்டு என் மனைவி எஸ்தர் நகரவில்லை. "பிள்ளையைக் கொடும்" என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

மும்பை தாராவியில், கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் எங்கள் சபையின் கேரல் குழு போகவேண்டிய வீடுகளின் பட்டியலைப் பல வருடமாக நான்தான் எழுதுகிறேன். துக்கமோ கடும் நோயோ உள்ள வீட்டின் முன் மேளம் அடிப்பது சரியல்ல என்று அந்தப் பெயர்களை அடித்துவிடுவேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டின் பெயரையும் அடித்தேன்.

ஞாயிறு மாலை மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது, வாசலில் கேரல் குழு நின்றது. குழுவை நடத்தும் தங்கமணி குர்லாவில் தையல் பட்டறை வைத்திருப்பவர். பட்டியலைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன் அண்ணாச்சி. 'பயப்படாதிருங்கள்'னு தேவதூதன் யார்ட்ட சொன்னான்? பயந்து நின்னவங்ககிட்டதான? பயமில்லாதவனுக்கு அத எதுக்குச் சொல்லணும்? நீங்க என்னன்னா, அச்சுமுறுக்கு குடுக்குற வீடாப் பாத்து எழுதி வச்சிருக்கீங்க."

கிறிஸ்து பிறப்பின் வரலாற்றில் சகரியாவுக்கும் மரியாளுக்கும் மேய்ப்பர்களுக்கும் சொல்லப்பட்டது அதே வார்த்தைதான். வருடந்தோறும் மேடையில் அதை வாசித்தவன் நான். ஓர் அறிவிப்பின் முதல் சொல்லைப்போல வாசித்துக் கடந்திருந்தேன். இம்மானுவேல் என்றால் தேவன் நம்மோடிருக்கிறார் என்பதும் தெரியும். ஐசியுவுக்குள்ளும் இருக்கிறார் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

மேளமில்லாமல் பாடினார்கள். கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டிருந்த டேனியல் தாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஜெபித்தார். நான் அழுதேன். அந்த ஐந்து நாளில் முதல்முறையாக முழுதாக ஜெபித்தேன். பிள்ளைக்கு இன்னும் நினைவு தெளியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும்போது அவர்கள் பாடிய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

செவ்வாய் காலை ஜெனிபர் கண் திறந்தாள். பேச்சு வர இன்னும் நான்கு நாள் ஆனது. முதலில் தண்ணீர் கேட்டாள். பிறகு, "அப்பா, கேரல் நம்ம வீட்டுக்கு வந்துச்சா?" என்றாள். வந்தது என்று என்னால் சொல்ல முடிந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அவர்களை அனுப்பியவருக்கு அதைவிட அதிகமாக.

இந்த வருடப் பட்டியலில் நோயாளிகள் உள்ள வீடுகளை முதலில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் பயம் இருந்தால், அது தீரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எங்களைக் கூப்பிடுங்கள். 'பயப்படாதிருங்கள்' என்ற அந்த வார்த்தை உங்களுக்காகத்தான் சொல்லப்பட்டது.