நான் படிக்காமல் விட்ட வரி

அந்த அக்காவின் இடது கைப் பெருவிரலைப் பிடித்து மைப் பெட்டியில் அழுத்தியது நான்தான். வலது கை மணிக்கட்டுக்குச் சற்று மேலே முடிந்து, துணிக்கட்டோடு சேலைத் தலைப்புக்குள் மறைந்திருந்தது. எப்படிக் கைநாட்டு வாங்குவது என்று நான் தயங்கி நின்றபோது வக்கீல் குமாஸ்தா, "கைநாட்டுக்கு இடது கைதானே வேணும், அது இருக்கே" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வேலை முடிய வேண்டுமே என்ற அவசரம். அந்த அக்காவும் அது சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஐம்பதுகளின் கடைசி அது. தென்னூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். வயது பத்தொன்பது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலிருந்து வேலைக்கென்று பஸ் ஏறிய முதல் பெண் நான். அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு வேறு வழியில்லை என்பதால்தான் வீட்டில் விட்டார்கள். வக்கீல் ஐயா அப்போதுதான் தமிழ் டைப்ரைட்டர் ஒன்று வாங்கியிருந்தார். அதுவரை குமாஸ்தாவின் கிறுக்கலில் போய்க்கொண்டிருந்த தமிழ்த் தாள்கள் என் விரல்பட்டு அச்சடித்த புத்தகம்போல வெளிவந்தன. கட்சிக்காரர்கள் தாளைக் கையில் வாங்கித் தடவிப் பார்ப்பார்கள். "அச்சுல வந்துட்டா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க" என்று ஐயா சொல்வார். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த அக்கா மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் வேலை பார்த்தவர். பல வருடங்களாக அங்கே ஆயில் எஞ்சின்தான் ஓடியது. அது கிளம்புவதற்குள் தெருவே அதிரும். உள்ளே தவிடு கூட்டுகிற பெண்கள் சத்தம் கேட்டு ஒதுங்கிக்கொள்ள நேரம் இருக்கும். பிறகு முதலாளி கரண்ட் மோட்டார் வைத்தார். ஸ்விட்சைப் போட்டதும் பெல்ட் சுழன்றது. நெல் இரண்டு மடங்கு அரைபட்டது. பெல்ட்டைச் சுற்றி அடிக்க வேண்டிய தடுப்புப் பலகையை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டார்கள். ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரம் முடிந்து அந்த அக்கா பெல்ட்டுக்கு அடியில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தபோது யாரோ ஸ்விட்சைப் போட்டார்கள். ஒரு சத்தமும் முன்னால் வரவில்லை.

மில்லுக்கு வக்கீல் எங்கள் ஐயாதான். அவர் சொல்லச் சொல்ல அந்த அக்காவின் வாக்குமூலத்தை நான் டைப் செய்தேன். எத்தனை வருடமாக வேலை, எத்தனை குழந்தைகள், ஆஸ்பத்திரிக்கு மில் வண்டியிலேயே கொண்டுபோனார்கள் என்று எல்லாம் உண்மையாகவே போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வரி வந்தது: 'மேஸ்திரி தடுத்தும் கேளாமல் தடுப்புப் பலகையை நானே கழற்றினேன்.' அதையும் அடித்தேன். மறுநாள் மில் மேனேஜர் அந்த அக்காவை அழைத்துவந்தார். ஐயா என்னைக் கூப்பிட்டு, "நீ படிச்சுக் காட்டும்மா, பொம்பள படிச்சா அவங்களுக்குப் பயம் இருக்காது" என்றார்.

படித்தேன். அந்த அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரி வந்தபோது நிமிர்ந்தேன். சேலைத் தலைப்பு விலகி துணிக்கட்டு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, நீங்களே கழற்றினீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இரக்கம் என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன். படித்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார் என்பது, ரேகை பதிந்து, கீழே 'படித்துக் காட்டியது' என்று நான் கையெழுத்தும் போட்ட பிறகுதான் உறைத்தது.

நஷ்டஈட்டு விசாரணையில் அந்த அக்கா, "இப்படி ஒரு பேச்சே எனக்குப் படிக்கலைங்க" என்று ஆபீசரிடம் சொன்னார். என்னைக் கூப்பிட்டார்கள். "நீங்க படிச்சுக் காட்டினீங்களா?" என்று ஆபீசர் கேட்டார். "காட்டினேன்" என்றேன். முழுவதும் படித்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தவர், "இவ்வளவு தெளிவா டைப் ஆகியிருக்கே" என்றார். மனு தள்ளுபடியானது.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு மண்ணச்சநல்லூருக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த அக்கா இடது கையால் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். தன் பத்து வயதுப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டு அதே மில்லில் நெல் காயவைக்கப் போகிறாள் என்றார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"படிக்கறப்ப ஒரு இடத்துல நின்னீங்க" என்றார் பிறகு. "என்னமோ விட்டுட்டீங்கன்னு தோணிச்சு. பொம்பளப் புள்ள, நமக்குக் கெடுதலா ஒண்ணும் விட்டிருக்காதுன்னு நெனச்சுதான் விரலை நீட்டினேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இதை அந்த ஆபீசர்கிட்ட வந்து சொல்லுவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"சொல்றேன்க்கா. நாளைக்குக் காலைல அந்த ஆபீசர் கச்சேரிக்கு வந்துடுங்க, நானும் வந்துடறேன்."

அவர் முகம் தெளிந்தது. பக்கத்து வீட்டில் மோர் வாங்கிவந்து கொடுத்து, பஸ் வரும்வரை கூடவே நின்றார்.

அப்பாவின் மருந்து, தம்பியின் படிப்பு, வேலை போனால் வேறு யார் தருவார்கள் என்று பல வருடங்கள் எனக்கு நானே காரணம் சொல்லிவந்தேன். இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. அப்பா இல்லை, தம்பி இல்லை, ஐயா இல்லை. காரணங்களைக் கேட்கவும் ஆளில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வக்கீல் ஆபீசுக்குப் போனேன். டைப்ரைட்டரின் உறையை எடுத்துத் தாளைச் செருகினேன். அந்த அக்கா கச்சேரி வாசலில் எவ்வளவு நேரம் நின்றிருந்தார் என்று எனக்குத் தெரியாது.