படகில் பால் காய்ச்சிய அன்று கழற்றிய பட்டரி

அந்த அலாமின் பட்டரியைக் கழற்றியவன் நான். ஜெயந்தன் அல்ல! தானே கழற்றிவிட்டு மறந்துபோனதாக அவன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். அப்படி நம்பவிட்டவனும் நான்தான்.

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? அவனிடம் சொல்லத் துணிவில்லை. வேறென்ன!

ஜெயந்தன் என் பள்ளித் தோழன். மனைவியைப் பிரிந்தபின், லண்டன் வாடகை கட்டுப்படியாகாமல், கால்வாயில் நிற்கும் பழைய படகு ஒன்றை வாங்கிக் குடிபோனான். சனிக்கிழமைகளில் மகள் அபி அவனோடு தங்குவாள். அவளுக்காகவே, குளிர் தொடங்குமுன் படகைச் சூடாக்கிவிட வேண்டும் என்று துடித்தான். புது டீசல் ஹீட்டர் என்றால் கையைக் கடிக்கும்.

"அதுக்கேன் காசைக் கொட்டுறாய்? நான் பழசு ஒண்டு கொண்டுவந்து பூட்டித் தாறன்," என்றேன். உடைக்கப் போட்டிருந்த லொறி ஒன்றிலிருந்து ஹீட்டரைக் கழற்றி வந்தேன். புகைக்குழாயும் அதனுடையதுதான்.

"குழாயை மட்டும் புதுசா வாங்குவமே, மச்சான்?"

"உது காணும், புதுசு தேவையில்லை. எனக்குத் தெரியாத வேலையே?" என்ன திமிர் எனக்கு!

படகானாலும் குடிபுகுந்த வீடுதானே, பால் காய்ச்ச வேண்டும் என்றான். ராகுகாலம் தொடங்குமுன் காய்ச்சியாக வேண்டும்... குழாய் இணைப்பை இன்னொருமுறை இறுக்கிப் பார்க்காமலே ஹீட்டரைப் போட்டுவிட்டேன். சாமிப்படத்தின் முன் சாம்பிராணி, கற்பூரம். பால் பொங்கிவரும் நேரம் பார்த்து, நச்சுவாயு அலாம் கத்தத் தொடங்கியது!

வந்திருந்த நண்பர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சாம்பிராணிப் புகைக்கு அடிக்குது," என்று சிரித்தேன். புகைக்கு அந்த அலாம் அடிக்காது; குழாயில் கசியும் கார்பன் மொனொக்சைட்டுக்குத்தான் அடிக்கும். அது எனக்குத் தெரியும்! தெரிந்துதான் சொன்னேன்... அத்தனை பேர் முன்னால் என் வேலை பிழை என்று ஆகிவிடக் கூடாதே! எல்லோர் கண்ணும் பானைக்குத் திரும்பியதும், பட்டரியைக் கழற்றி ஜாக்கெட் பைக்குள் போட்டேன்.

அவர்கள் போனபின் இணைப்பை இறுக்கிவிட்டுப் பட்டரியைப் போடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக! ஆனால் சாப்பாடு, கதை, சிரிப்பு... மறந்தே போனேன். கதவுகள் திறந்து கிடந்ததால் அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை, ஹீட்டரைப் போட்டுவிட்டுப் படுத்து வாயுவில் மயங்கிக் கிடந்தவனை, பக்கத்துப் படகுக்காரர் பூட்டிய கதவை உடைத்து வெளியே இழுத்தார். உயிர் தப்பினான். அபி அன்று அங்கே தங்கவில்லை... தங்கியிருந்தால்?

ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டான்: "மச்சான், அலாமில பட்டரி இல்லையாம். நான்தான் கழட்டினனோ? எனக்கு ஒண்டும் ஞாபகம் வருகுதில்லை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? "சத்தத்துக்குக் கழட்டியிருப்பாய்," என்றேன். நோயாளியின் முகத்தைப் பார்த்து!

அவன் மனைவி அன்று தொட்டு ஒரே பிடியில் நிற்கிறாள். "ஹீட்டர் பழுதாகிறது ஆருக்கும் நடக்கும். அலாமைக் கழட்டிப்போட்டுப் படுத்த மனுசனை நம்பி என்ர பிள்ளையை இரவில விட ஏலாது." அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் கழற்றிய மனுசன் அவன் இல்லையே! நான் வாயைத் திறந்தால் அபி மறுபடி அப்பாவோடு தங்கக்கூடும். திறக்கவில்லை... என்ன பிறவி நான்?

படகை விற்றுவிட்டு, இப்போது லண்டனின் மனோர் பார்க் பகுதியில் ஓர் அறையில் இருக்கிறான். அபி பகலில் வந்து, பொழுதுபடுமுன் போய்விடுகிறாள்.

போன ஞாயிறு நானும் அவனும் வெளியே புறப்பட்டோம். கதவைப் பூட்டியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மச்சான், அடுப்பு நிப்பாட்டிக் கிடக்கோ எண்டு நீ ஒருக்காப் பார். எனக்கு என்னில நம்பிக்கை இல்லை."

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "ஓம், நிப்பாட்டித்தான் கிடக்கு."

"நீ ஒருத்தன் இருக்கிறபடியால்தான் நான் தப்பி இருக்கிறன்," என்று என் தோளைத் தட்டினான். நான் அவனோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.