பாஸ்கா வாரத்தில் மிரியம் அம்மாவுக்குச் சாப்பாடு தேடிப் போனது

மின்னு, நீ இணையத்தில் பயணக் கதை எழுதிவந்த பக்கத்தில் இன்று அம்மா எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தோழி டைப் அடிக்கிறாள். நீ கண்ணை மூடி மூன்று மாதம் கழித்து, பாண்டிச்சேரியிலிருந்து மிரியம் அம்மா கடலூருக்கு வந்து நின்றார். யூதர், அரைகுறையாய்த் தமிழ் பேசுவார். பாஸ்கா என்கிற யூதப் பண்டிகை வாரத்தில் அவர் சாப்பிடக்கூடிய சாப்பாடு சிதம்பரம் பக்கம் ஓரிடத்தில் கிடைக்கும், கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தாயாம். எந்த இடம் என்று சொல்லவில்லையாம். நீ கொடுத்த வாக்கு. விட மனசு வரவில்லை.

2009, ஈஸ்டருக்கு மறுநாள், காலை ஏழு மணி பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். எது ஆகும், எது ஆகாது என்று வழியெல்லாம் அவரைக் கேட்டுக்கொண்டே வந்தேன். பாஸ்காவின் எட்டு நாளும் புளித்த மாவு ஆகாது. கோதுமையில் பண்டிகைக்கென்றே செய்த ரொட்டி தவிர எதுவும் ஆகாது. அவர் வீட்டு வழக்கத்தில் அரிசி, பருப்புகூட ஆகாது. பாத்திரமும் புதிதாக இருக்கவேண்டும். பையிலிருந்து புளிக்காத ரொட்டி ஒன்றைக் காட்டினார். நம் மாதா கோயிலில் பூசைக்கு வைக்கிற அப்பத்துக்கு அக்கா மாதிரி, பெரிதாக, மொறுமொறுவென்று இருந்தது.

சிதம்பரம் கீழவீதியில் ஒரு ஓட்டலில் சர்வர் இட்லி, பொங்கல், வடை, பூரி என்று ஒப்பித்தார். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றேன்.

"அப்ப இவுங்க எதுக்குக்கா ஓட்டலுக்கு வந்தாங்க?"

மிரியம் அம்மாதான் முதலில் சிரித்தார். இன்னும் இரண்டு ஓட்டலிலும் இதே கதை. நீ சொன்ன இடம் இதுவா அதுவா என்று போர்டு போர்டாகப் பார்த்தேன். உன்னை நம்பி வந்தவரை வாழைப்பழமும் இளநீரும் கொடுத்து அனுப்புவதா?

புது மண்சட்டி, புதுக் கத்தி, தக்காளி, புளி, பச்சைமிளகாய், உப்பு வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளைக்குப் பஸ் ஏறினோம். மீன் விற்கிற அம்மா கூடை நிறைய இறால் காட்டினார். செதில் உள்ள மீன்தான் ஆகும் என்றேன்.

"எறா வாணாம்னு சொல்ற வெள்ளக்காரம்மாவ இன்னிக்கிதான் பாக்குறேன்" என்று செதில் உள்ள ஒரு கொடுவா மீனை எடுத்துப் போட்டார். மிரியம் அம்மா செதிலைத் தடவிப் பார்த்த பிறகே அறுக்க விட்டார், அதுவும் எங்கள் கத்தியால். மீன்காரம்மா தன் வீட்டு வாசலிலேயே மூன்று செங்கல் வைத்துக் கொடுத்தார். எண்ணெய் இல்லாமல் குழம்பு வைத்தேன். நீ போன பிறகு நான் மீன் சமைத்தது அன்றுதான்.

வாழையிலையில் ஊற்றி, ரொட்டியைத் தொட்டுத் தொட்டு, சட்டி காலியாகும்வரை சாப்பிட்டார். "மின்னு சொன்ன இடம் இதுதானா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

பாஸ்காவில் வருகிறவர்கள் ரொட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள். மத்தியானம் நடராஜர் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஓட்டலை நம்பாதீர்கள். சட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்னு, சிதம்பரத்து ஓட்டலெல்லாம் உனக்கு அத்துப்படி. எதிலும் இது கிடைக்காது என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால், அன்றைக்குச் சமைக்க என்னையும் கூட்டிக்கொண்டுதான் போவதாக இருந்தாயா?