தோளில் வந்த அண்ணன்

அண்ணனின் பத்திரிகைப் படம் இன்னும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவர் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அடுப்புப் புகையில் மஞ்சளாகிவிட்டது. படத்தில் அவர் நாலைந்து பேரின் தோள்களுக்கு மேலே இருக்கிறார். கழுத்தில் மாலை, கன்னத்தில் கண்ணீர். 'வெற்றி வீரரின் ஆனந்தக் கண்ணீர்' என்று கீழே அச்சிட்டிருக்கிறார்கள். பக்கத்தில், அதே கஞ்சிப் பசையில் ஒட்டிய ஒரு சினிமா நடிகரின் படம்.

அண்ணன் அப்போது கவ்வாத்து மலையில் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து உதைபந்தாட்டக் குழுவுக்குக் கோல் காப்பார். லயத்துப் பெண்களில் சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் நான் என்பதால், வேலை விட்டு வந்தவர்கள் என் வாசலில் உட்கார்ந்து பத்திரிகையைப் படிக்கச் சொல்வார்கள். சினிமாவும் விளையாட்டும் ஒரே பக்கத்தில் வரும். நடிகரும் பாய்வார், அண்ணனும் பாய்வார். இருவருக்கும் ரசிகர் வெள்ளம். ஒரே ஆள்தான் இரண்டையும் எழுதுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

"ஹட்டன் கொட்டகையில ஒரு ஹீரோ, நம்ம லயத்துல ஒரு ஹீரோ" என்பார் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்.

"நம்ம ஹீரோவுக்கு டிக்கட்டு கெடையாது, அதான் வித்தியாசம்!" என்று அவர் மனைவி சிரிப்பார்.

டிக்கோயாப் பக்கத்தில் இறுதி ஆட்டம் நடந்த அன்று நான் போகவில்லை. மகள் கைக்குழந்தை. வெற்றி என்ற செய்தி முன்னால் ஓடிவந்ததும் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்து ஆரத்தித் தட்டோடு காத்திருந்தேன். ஜெயித்து வருகிறவரை ஆரத்தி எடுக்காமல் லயத்துக்குள் விடமாட்டோம். அதுவரை அவர் கால் தரையில் படவும் கூடாது. புதுப்படம் வரும் நாளில் நடிகரின் படம் ஒட்டிய தட்டியைத் தோளில் சுமந்து ஹட்டன் வீதியில் ஊர்வலம் போவார்களே, அதே ஆட்கள், அதே தப்பு மேளம். தட்டிக்குப் பதில் அன்று அண்ணன்.

தட்டைச் சுற்றும்போதுதான் பார்த்தேன். இடது பாதம் ஒரு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. காலுறை வீங்கிப் புடைத்திருந்தது. அண்ணனின் வாய் அசைந்தது. தப்புச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"காலப் பாருங்க! ஐயோ, காலப் பாருங்க!" என்று கத்தினேன்.

"ஆட்டம் முடியிறப்ப விழுந்தாரு. சந்தோசத்துல அழுவுறாருன்னுல்ல நெனச்சோம்" என்றார் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். அவர் முகம் வெளுத்துவிட்டது.

மைதானத்தில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து கோல் கம்பத்தில் மோதியபோதே எலும்பு முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் பாதையைக் கடந்துதான் ஊர்வலம் வந்திருக்கிறது. வழியெல்லாம் "எறக்குங்கடா" என்று அவர் கெஞ்சியிருக்கிறார். தோட்டத்து லொறியில் மறுபடி அதே பாதையில் கொண்டுபோனோம். முறிந்த காலைத் தொங்கவிட்டுக் குலுக்கிக்கொண்டு வந்ததில் எலும்பு விலகிவிட்டது என்றார் டாக்டர். பிறகு அது கோணலாகத்தான் கூடியது.

அந்தப் படம் வந்த பத்திரிகையையும் என்னிடம்தான் கொடுத்தார்கள். படித்தேன். அந்த நடிகருக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் என்ன கஞ்சி குடித்தார் என்றுகூட எழுதிய பத்திரிகை அது. அண்ணனின் காலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அடுத்த பருவத்தில் வேறொருவர் பாய்ந்தார். அவருக்கும் ரசிகர் வெள்ளம்.

யாரையும் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் படுத்துக் கிடந்த மாதங்களில் அரிசியும் விறகும் கொண்டுவந்தவர்கள் அதே தோள்காரர்கள்தான். நடிகர் படத்தில் குத்துப்பட்டுச் செத்தால் கொட்டகையே அழும். அடுத்த காட்சிக்குப் படம் மறுபடி ஓடும்போது அவர் எழுந்து வந்துவிடுவார். அண்ணனும் அப்படி எழுந்துவிடுவார் என்று எங்களில் யாரோ, ஒருவேளை எல்லோருமே, நினைத்துவிட்டோம் போலிருக்கிறது. எனக்கு இதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் மாரியம்மன் திருவிழாவில் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடியது. நாலு வயது மகள் கதாநாயகியைப் போல இடுப்பை ஒடித்து ஆடினாள். கூட்டம் கூடிவிட்டது. "குட்டி ஸ்டாரு!" என்று யாரோ அவளைத் தோளில் தூக்கினார்கள். தப்பு அதிர்ந்தது. நான் முட்டி மோதிக்கொண்டு போய் அவளைப் பிடுங்கி இறக்கினேன்.

"என்னா டீச்சரம்மா, கொழந்த சந்தோசத்தக் கெடுக்குறீங்க?" என்று ஒருவர் கேட்டார். நான் டீச்சரில்லை. படித்தவள் என்பதற்கான கேலி அது.

அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "ஏம்மா எறக்குன? கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போவட்டுமே."

"நீங்களாண்ணே இப்புடிச் சொல்றீங்க?"

அவர் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிச்சுது தங்கச்சி. உசுரு போற வலி. எறக்கச் சொல்லிக் கத்துனேன். ஆனா எறக்கி விட்டப்புறம்... அதுக்கப்புறம் அம்புட்டுப் பேரு ஒண்ணா என்னயப் பாக்கவேயில்ல."

மகள் என் இடுப்பிலிருந்து நழுவி, கூட்டத்தின் பக்கம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இன்னொருக்காத் தூக்கச் சொல்லும்மா" என்றாள்.