கேம் ஆடத்தான், சார்

ஒரகடம் போகிற சாலையில் இருந்த ஒரு ஒயர் கம்பெனியில்தான் எனக்கு முதல் வேலை. காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி, முனையில் கிளிப் மாட்டி அனுப்ப வேண்டும். லைனில் நாற்பது பெண்கள். எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது முடித்த கையோடு வந்திருந்தேன். சூப்பர்வைசர்கள் இடுப்பில் மட்டும் செல்போன் தொங்கிய காலம் அது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி ரூமில் ஐந்து பேராகத் தங்கியிருந்தோம். காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயந்தரம் கொண்டுவந்து கொட்டும்.

ஞாயிறு லீவு என்று வேலைக்குச் சேரும்போது கொடுத்த பேப்பரில் அச்சடித்திருந்தது. ஆனால் சனிக்கிழமை மதியம் ஆனால் எங்கள் சூப்பர்வைசர் ஓவர்டைமுக்கு ஆள் சேர்க்க லைனோரமாக நடந்து வருவார். "நாளைக்கு ஓ.டி. எல்லாரும் வரணும்" என்பார். கேட்கமாட்டார், சொல்வார். வர முடியாதவர்கள் பொய் சொல்லக் கற்றிருந்தார்கள். ஒருத்திக்கு வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டுதல், இன்னொருத்திக்கு சர்ச்சில் கொயர், மற்றொருத்திக்குக் காய்ச்சல். ஒரே அத்தைக்கு இரண்டு தடவை காரியம் செய்தவளும் இருந்தாள். எனக்குப் பொய் சரியாக வராது. அதனால் முதல் ஐந்து மாதம் ஒரு ஞாயிறு விடாமல் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்டீரியல் வரவில்லை, ஓ.டி. இல்லை. மார்க் ஷீட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனபோதுதான் அந்தக் கடையைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு வீட்டின் முன்னறை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின், இன்னொரு பக்கம் இரண்டு டி.வி. டி.வி.க்கு மேலே சுவரில் மாதா படம். சி.டி. போட்டு ஆடுகிற கேம் பெட்டிகள் கீழே இருந்தன. ஒரு டி.வி. முன்னால் நாலு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றின் முன்னால் கடைக்காரி தனியாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.

முப்பது வயது இருக்கும். இடது கையில் மூன்று விரல்கள் பாதிக்குமேல் இல்லை. என் கண் அங்கே நிற்பதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "பிரஸ் ஷாப்ல தகடு அடிக்கிற மிஷினு கடிச்சிட்ச்சி. கம்பெனிக்காரன் குடுத்த காசுலதான் இந்தக் கடை. உனுக்கு ஜெராக்ஸா, ஆட்டமா?"

ஜெராக்ஸ் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் திரையில் ஒரு பெண் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தாள். வாலிபால் எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஆடியிருக்கிறேன். "அக்கா, இது என்ன?" என்றேன்.

அவர் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர். எங்கோ ஒரு துறைமுகத்தில் ஒரு பை நிறைய சி.டி. வாங்கி வந்து தங்கச்சியிடம் கொடுத்திருந்தார். பாதிக்கு மேல் ஜப்பான் எழுத்து. கடைக்கு வருகிறவர்கள் அவற்றைத் தொடவே மாட்டார்கள். இந்த வாலிபால் அதில் ஒன்று. வெறும் மேட்ச் ஆடும் கேம் இல்லை அது. முதலில் உங்களுக்கு ஒரு பெண்ணைக் கொடுப்பார்கள். அவளுக்கு எதுவும் வராது, சர்வீஸ் போட்டால் பந்து வலையில் போய் முட்டும். வாரத்துக்கு வாரம் அவள் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஷூ படத்தை அமுக்கினால் ஓட்டம், ஸ்பிரிங் படத்தை அமுக்கினால் குதிப்பு. இன்னும் ஆறேழு படங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கோடு வளரும். கோடுகள் வளர வளர அவள் மேட்சில் உயர எழும்புவாள்.

"எழுத்து புரியுதா அக்கா?"

"எவன் கண்டான். படத்தப் பாத்து அமுக்கிக்கினு போறதுதான். நாலு மாசமா பாக்குறேன், மூணாவது மேட்ச்சத் தாண்டல. அதுக்குள்ள இவ கணுக்கால ஒடச்சிக்கிறா."

நான் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். ஜெராக்ஸை மறந்தே போனேன். அதற்குப் பிறகு ஓ.டி. இல்லாத ஞாயிறெல்லாம் அங்கேதான் போனேன்.

அந்தப் பெண்ணின் கணுக்கால் ஏன் உடைகிறது என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். படங்களின் கடைசியில் ஒரு கட்டில் இருந்தது. அக்கா அதை ஒருமுறைகூட அமுக்கியதில்லை. "தூங்கினா இன்னா வளரும்?" என்று விட்டுவிட்டார். ஒரு நாள் சும்மா அமுக்கிப் பார்த்தேன். எந்தக் கோடும் வளரவில்லை. ஆனால் அவள் முகத்துக்குக் கீழே வாரா வாரம் ஏறிக்கொண்டிருந்த சிவப்பு நிறம் இறங்கியது. அதுதான் அவள் களைப்பு. மூன்று வாரம் பயிற்சி, ஒரு வாரம் கட்டில். அன்றைக்கு ஏழாவது மேட்ச் வரை போனோம். அக்கா எழுந்து நின்று கைதட்டினார்.

கட்டில் படத்தை அமுக்காமல் ஐந்து மாதம் ஓடியவள் நானும்தான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்ற இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

இன்னொரு சி.டி. சண்டை கேம். ஊரெல்லாம் ஆடுகிற பிரபலமான சண்டை கேம் ஒன்று உண்டு, பக்கத்து டி.வி.யில் ஓடுவது அதுதான். எங்களுடையது யாருக்கும் தெரியாதது. அதில் தசை முறுக்கிய வீரர்கள் கிடையாது. தோளில் பை மாட்டிய தபால்காரர் ஒருவர், மீன் விற்கிறவர் ஒருவர், ஏப்ரன் கட்டிய குண்டான சமையல்காரி ஒருத்தி. அக்காவுக்கு அந்தச் சமையல்காரியைத்தான் பிடிக்கும். ஆனால் அவளுடைய நல்ல அடி எல்லாம் ஜாய்ஸ்டிக்கின் மேல் விளிம்பில் இடது பக்கம் இருக்கும் பட்டனில் இருந்தது. அங்கே அழுத்த அக்காவுக்கு விரல் இல்லை. "எனுக்கு அது ஆவாதுமா" என்று தபால்காரரை வைத்துத் தோற்றுக்கொண்டிருந்தார்.

அடுத்த லீவு நாளில் அந்த கேமின் ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்தேன். எழுத்து தெரியாததால் உள்ளே போய், மாட்டிக்கொண்டு, பெட்டியை அணைத்து, மறுபடி போட்டு, ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் ஒரு பக்கத்தில் ஜாய்ஸ்டிக் படம் வந்தது. எந்த அடி எந்தப் பட்டனில் என்று அங்கே மாற்றிக்கொள்ளலாம். இடது பக்கத்து வேலையை எல்லாம் வலது கட்டைவிரலுக்கு மாற்றினேன். அக்கா முதல் ஆட்டத்திலேயே என்னைப் புரட்டி எடுத்தார். அதற்குப் பிறகு அவரை நான் ஜெயித்தது அபூர்வம்.

இது தெரியாமல்தான் எங்கள் சூப்பர்வைசர் ஒரு நாள் கடைக்குள் வந்தார். கூட, கம்பெனியின் ஆண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்த மூன்று பேர். என்னைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. "நீ இங்க இன்னா பண்ற?"

"ஆடுறேன் சார்."

அவர்கள் கேட்ட டி.வி. காலியில்லை. எங்கள் திரையைப் பார்த்துச் சிரித்தார். "இது ஒரு கேமா? சமையக்காரி, போஸ்ட்மேன்! யார் ஆடறது, நீயா?"

"நாந்தான்" என்றார் அக்கா. "ஒக்காரு சார். ஒரு கை பாரு."

அவர் அக்காவின் கையைப் பார்த்தார், பாவம் என்பதுபோல உதட்டைப் பிதுக்கிவிட்டு உட்கார்ந்தார். மூன்று ஆட்டம். மூன்றிலும் சமையல்காரி கரண்டியால் அவரைத் திரையின் ஓரத்துக்கு அடித்துத் தள்ளி, எழ விடாமல் வைத்திருந்தாள். மூன்றாவது முறை அவர் விழுந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. கூட வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவர் தோற்றதை மறந்திருப்பார். நான் சிரித்ததை மறக்கவில்லை.

திங்கட்கிழமை என்னை லைனின் கடைசி ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். கனமான ஒயர்க் கட்டைத் தலைக்கு மேலே தூக்கி ஹேங்கரில் மாட்டும் இடம். ஒரு வாரத்துக்குள் லைன் முழுக்கப் பேச்சு. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மெதுவாகச் சொன்னாள்: "ஆம்பளப் பசங்க கூட ஒக்காந்து ஆடுறியாமே. சூதாட்டம்னு சொல்றாங்க." வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து, "இது குடும்பம் இருக்கிற வீடு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார்.

பிறகு ஓ.டி. இல்லாத ஒரு ஞாயிறு காலையில் அப்பா வந்து நின்றார். கையில் ஒரு மொட்டைக் கடிதம். உங்கள் மகள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் ஆண்களுடன் நாள் முழுக்க இருக்கிறாள் என்று எழுதியிருந்தது. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த அப்பாவின் சட்டை கசங்கியிருந்தது.

அழுவேன், இல்லை என்று சாதிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். "எழுதினது பாதி உண்மைதான்ப்பா. வாங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்றேன்.

அக்கா அப்பாவுக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கிவரச் சொன்னார். நான் வாலிபால் சி.டி.யைப் போட்டு ஆடினேன். அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனி டீமுக்கு ஹாக்கி ஆடியவர். பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தப் பிள்ள முன்னால ஏறி வராம பின்னாலயே நிக்குதே, ஏன்?" என்று கேட்டார். "ஸ்டாமினா கம்மிப்பா" என்றேன். தலையாட்டினார்.

வெளியே வந்ததும் கடிதத்தை நாலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. அதே மூச்சில் அவர் சொன்னார்: "தப்பு ஒண்ணுமில்ல. ஆனாலும் வேண்டாம். பேரு கெட்டுப் போயிரும். துணிமணிய எடுத்து வை, ஊருக்குப் போவோம்."

"வரல."

"என்னது?"

"தப்பு ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பெறகு நான் எதுக்கு ஓடணும்? எழுதினவன்ல ஓடணும்."

அதுவரை அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தேன். பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தும் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. பொங்கல் வரை என்னிடம் பேசவேயில்லை. அது வலித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை சூப்பர்வைசர் லைனோரமாக வந்தார். "நாளைக்கு ஓ.டி."

"நான் வரல சார்" என்றேன்.

"ஏன்? கோயிலா, காய்ச்சலா?" என்றவர் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இல்ல, கேம் ஆடணுமா?"

"ஆமா சார். கேம் ஆடத்தான்."

டேப் சுற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன. எனக்குத் தோளில் அந்த வாரம் முழுக்க வலி. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. அதைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். ஆனால் லீவு நாளை வாங்குவதற்கு ஒரு நோயைக் காட்ட எனக்கு மனசில்லை.

திங்கட்கிழமை ஆபீசில் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன்: ஞாயிறு எனக்கு விடுமுறை நாள். அன்று நான் வீடியோ கேம் ஆடினேன். கீழே கையெழுத்து. ஆபீஸ்காரர் இரண்டு முறை படித்தார். "உடம்பு சரியில்லன்னு எழுதும்மா, முடிஞ்சிடும்" என்றார். கெட்டவர் இல்லை. "உடம்புக்காக நான் லீவு எடுக்கல சார்" என்றேன். பேப்பரை பைலில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு எதிர் ஸ்டேஷனில் நின்ற திண்டிவனத்துப் பெண் சூப்பர்வைசரிடம் சொன்னாள்: "நானும் வரல சார். தூங்கணும்." அதோடு ஒரு அத்தை மூன்றாவது தடவை சாகாமல் தப்பித்தாள். அதற்கடுத்த வாரம் இரண்டு பேர் சொன்னார்கள். பெரிய போராட்டம் என்று சொல்வதற்கில்லை, மொத்தம் நாலு பேர். ஆனால் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா கடையில் இருந்தோம். அக்கா ஒரு டி.வி.யை உள்பக்கம் திருப்பிப் போட்டு, ஞாயிறு பகல் வரை அது எங்களுக்கு என்றார். "ஏன்க்கா, நாங்க இன்னா பண்றது?" என்று கேட்ட, அங்கே வழக்கமாக ஆடுகிற ஒரு பையனுக்கு, "சாயங்காலம் வா. இல்ல, சமையக்காரியோட மோதி ஜெயிச்சிட்டு ஒக்காரு" என்று பதில் வந்தது. யாரும் மோதவில்லை.

டிரெய்னியாகத்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள். அந்தக் காலம் முடிந்தபோது நீட்டித்துக் கொடுக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடையாள அட்டையைக் கேட்டில் கொடுத்துவிட்டு வந்த அன்று பயமாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் தண்டலத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். ரூமில் மற்றவர்கள் என் பங்குச் சோற்றையும் சேர்த்து வடித்தார்கள். அக்கா ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். போனேன்.

மூன்றாவது வாரம் ஒரு கண்ணாடி கம்பெனியில் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முந்தைய வேலையை ஏன் விட்டேன் என்று கேட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். "என்ன கேம்?" என்றார். ஒரு பெண்ணை வாரம் வாரம் வளர்க்க வேண்டும், ஓய்வு கொடுக்காவிட்டால் கணுக்கால் போய்விடும் என்று விளக்கினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதனால் பிடித்துப்போய் என்னை எடுத்துக்கொண்டார் என்று கதை விடமாட்டேன். திங்கட்கிழமையே லைனில் நிற்க அவருக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"எதுவும் கேக்கணுமா?" என்றார், பேனாவை மூடியபடி.

"ஆமா சார். ஞாயித்துக்கெழம லீவுன்னா, நெசமாவே லீவா?"

அவர் பேனாவை மறுபடி திறந்தார். பதில் வரும்வரை நான் எழுந்திருக்கவில்லை.